சும்மாதான் கூப்பிட்டேன்

(அன்னை மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இரவு பத்து மணிக்குமேல் வீட்டில் போன் அடித்தால் நமக்கு முதலில் என்ன தோன்றுகிறது? "இந்நேரத்துல யாரு? யாருக்கு என்ன ஆச்சோ?" என்று வயிற்றைக் கலக்குகிறது. இது இன்று நேற்று வந்த பயம் இல்லை. நம் பெற்றோர் காலத்தில் 'தந்தி' என்று வாசலில் குரல் கேட்டாலே போதும். பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நாட்டில் இருந்த தந்திச் சேவை 2013 ஜூலை மாதத்தோடு நின்றுபோனது. தந்தி போய்விட்டது, தந்தி தந்த பயம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

எதிர்பாராமல் ஒருவர் நம்மை அழைத்தால், அது சாவுச் செய்தியாக இருக்கும், அல்லது ஆஸ்பத்திரிச் செய்தியாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் கைமாற்று கேட்பதாக இருக்கும். ஆகவே, "நல்லா இருக்கியா?" என்று எதிர்முனையில் கேட்டவுடனே, "இருக்கேன், என்ன விஷயம் சொல்லு" என்கிறோம். விஷயம் இல்லாமல் யாரும் யாரையும் தேடமாட்டார்கள் என்று நமக்குள் ஒரு முடிவு இருக்கிறது.

அப்படிப்பட்ட நமக்கு ஒருநாள், "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன், உன் ஞாபகம் வந்துச்சு" என்று ஒரு குரல் வருகிறது. அன்று முழுவதும் மனம் எப்படி இருக்கிறது? பாத்திரம் தேய்க்கும்போதும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் அந்தக் குரல் கூடவே வருகிறது. இரவு சாப்பிடும்போது, "இன்னிக்கு யார் பேசினாங்க தெரியுமா?" என்று வீட்டில் சொல்கிறோம். ஐந்து நிமிடப் பேச்சு ஒரு வாரத்துக்குத் தெம்பு தருகிறது.

இப்படி நமக்குக் கிடைக்கும்போது இவ்வளவு மகிழ்கிற நாம், இதை மற்றவருக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்? மரியா எலிசபெத்தைச் சந்தித்த விழாவைக் கொண்டாடும் இந்நாளில் இதைக் கொஞ்சம் சிந்திப்போம்.

களை எடுக்கும்போதோ, ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதோ, திருப்பலியில் இறந்தோருக்காக மன்றாடும்போதோ, திடீரென்று ஒரு முகம் நம் மனத்தில் வந்து நிற்கிறது. நம்மோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவள். அல்லது நமக்கு முதல்முதலில் வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி. அல்லது, வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன பெரியப்பா மகன். "பாவம், எப்படி இருக்காங்களோ" என்று மனம் ஒரு நொடி இளகுகிறது. கை போனைத் தேடுகிறது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வேறொரு குரல் கேட்கிறது. "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப என்னன்னு பேசறது?" "அவங்க இப்ப வசதியாயிட்டாங்க, நாம கூப்பிட்டா உதவி கேக்கறோம்னு நினைப்பாங்க." "அவங்க என்னைத் தேடலையே, நான் மட்டும் ஏன் தேடணும்?" "வேலையா இருப்பாங்க, எதுக்குத் தொந்தரவு?" கை போனைக் கீழே வைத்துவிடுகிறது. அந்த முகமும் மனத்தைவிட்டுப் போய்விடுகிறது.

இந்தத் தயக்கத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெக்கி லியூவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2022இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 13 சோதனைகள், 5,900க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். சில சோதனைகளில், கொஞ்ச காலமாகத் தொடர்பு இல்லாத ஒருவருக்குச் சிறு குறிப்பு ஒன்றையோ சிறு அன்பளிப்பையோ அனுப்பச் சொன்னார்கள். "இது கிடைத்தால் அவர் எவ்வளவு மகிழ்வார்?" என்று அனுப்பியவரிடம் கேட்டார்கள். "உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி?" என்று பெற்றவரிடமும் கேட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டபோது, அனுப்பியவர்கள் அந்த மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தது தெரியவந்தது. இன்னொன்றும் தெரிந்தது. எவ்வளவுக்கு எதிர்பாராததோ, அவ்வளவுக்கு அது பெற்றவருக்கு அருமையாக இருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? அழைக்கிறவர் தன் கூச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் பேச்சு சரியாக வருமா, தன் மரியாதை என்ன ஆகும் என்பதே அவருக்குக் கணக்கு. அழைக்கப்படுகிறவருக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. "யாரும் கேக்காமலே என்னை ஒருத்தர் நினைச்சிருக்காரே" என்ற வியப்புதான் அவருக்குப் பெரிது. "இத்தனை வருஷம் கழிச்சு எப்படிப் பேசறது" என்று எந்தக் காரணத்தைச் சொல்லி நாம் பின்வாங்குகிறோமோ, அந்த இத்தனை வருஷம்தான் நம் அழைப்புக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்று பொருள். 'அதிதி' என்ற சொல்லுக்கு, வரும் திதி, அதாவது நாள், குறிக்கப்படாதவர் என்று விளக்கம் சொல்வார்கள். சொல்லாமல் வருகிறவர்தான் விருந்தாளி. காலையில் காக்கை கரைந்தால், "யாரோ வரப்போறாங்க" என்று உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்ட பாட்டிமார்களை நம் ஊர்களில் இன்னும் நினைவு வைத்திருக்கிறோம். யாராவது வரமாட்டார்களா என்று வாசலைப் பார்த்திருந்த மக்கள் நாம்.

சரி, இப்போது நற்செய்திக்கு வருவோம். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை நம் வீட்டுக் கதையாக நினைத்துப் படித்துப் பாருங்கள். யூதேய மலைநாட்டில் ஒரு வீடு. அந்த வீட்டில் இருவர், இருவரும் வயதானவர்கள். கணவர் செக்கரியாவால் பேச முடியவில்லை. கோவிலில் வானதூதரைக் கண்ட நாளிலிருந்து வாய் அடைத்துவிட்டது. மனைவி எலிசபெத்து ஐந்து மாதமாக வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஊரார் முன் தனக்கு இருந்த அவமானத்தை அவரே சொல்கிறார். பிள்ளை இல்லாத பெண்ணை ஊர் என்ன சொல்லும், வளைகாப்பு வீட்டில் எங்கே உட்கார வைக்கும் என்பதை நம் பெண்களிடம் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அத்தனை ஆண்டு அந்தப் பேச்சைக் கேட்ட எலிசபெத்து, முதுமையில் கருவுற்றபோதும் அந்தப் பேச்சுக்கு அஞ்சியோ என்னவோ உள்ளேயே இருந்துவிட்டார். பேச முடியாத கணவர், வெளியே வராத மனைவி. அந்த வீட்டில் எவ்வளவு அமைதி இருந்திருக்கும், அது எத்தகைய அமைதியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த வீட்டு வாசலில்தான் ஒருநாள் மரியாவின் குரல் கேட்கிறது. நாசரேத்திலிருந்து யூதேய மலைநாட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். நாலைந்து நாள் நடைப் பயணம். போகிறேன் என்று சொல்லி அனுப்பியதாக நற்செய்தியில் இல்லை. வரச்சொல்லி எலிசபெத்து கேட்டதாகவும் இல்லை. மரியா புறப்பட்டு விரைந்து சென்றார் என்றே லூக்கா எழுதுகிறார். அப்போது மரியாவின் நிலை என்ன? திருமணம் நிச்சயமான பெண். கணவரோடு கூடி வாழும் முன்பே கருவுற்றிருக்கிறார். யோசேப்பு என்ன சொல்வார், ஊர் என்ன சொல்லும் என்று அவருக்கே ஆயிரம் கவலை இருந்திருக்கலாம். "என் பாடே பெரும்பாடா இருக்கு, இதுல நான் போய் யாரைப் பார்க்கறது?" என்று சொல்ல எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

வாசலில் அவர் செய்தது என்ன? வாழ்த்தினார். அவ்வளவுதான். அந்த வாழ்த்துச் சொல்கூட என்னவென்று நற்செய்தியாளர் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததெல்லாம் கேட்டவர் பட்ட மகிழ்ச்சியைத்தான். எலிசபெத்தின் வயிற்றுக் குழந்தை துள்ளியது. அவர் தூய ஆவியால் நிரப்பப்பட்டார். என்னைத் தேடி நீ வர நான் யார் என்னும் பொருள்பட உரத்த குரலில் வியந்தார். ஐந்து மாதம் உள்ளே அடைந்து கிடந்தவரின் குரல் அன்றுதான் உரத்து எழுந்தது. தேடிவரப்பட்ட ஒவ்வொருவருடைய உள்ளத்திலும் எழும் கேள்விதான் அது. பங்கில் வீடு சந்திக்கப் போகும்போது, ஊர்க்கோடியில் இருக்கிற வீட்டில் இதே வார்த்தையைத்தான் கேட்கிறோம்: "சாமி, எங்க வூட்டுக்கா வந்தீங்க?"

இன்னொன்றையும் கவனிப்போம். மரியாவின் புகழ்பெற்ற பாடல், நம் மாலைச் செபத்தில் திருச்சபை நாள்தோறும் பாடும் அந்தப் பாடல், எங்கே பிறந்தது? வானதூதர் வந்த நாசரேத்து வீட்டில் இல்லை. எலிசபெத்தின் வாசலில் பிறந்தது. ஆறுதல் கொடுக்கப் போனவருக்குத்தான் பாடல் கிடைத்தது. மரியா சுமந்துகொண்டிருந்த மறைபொருளை, அவர் சொல்லாமலே புரிந்துகொண்டு, "நீ பேறுபெற்றவள்" என்று வாழ்த்திய முதல் மனிதர் எலிசபெத்து. போகாமல் இருந்திருந்தால் எலிசபெத்து மட்டுமா இழந்திருப்பார்?

அந்த வீட்டில் ஒரு மூன்றாம் ஆளும் இருந்தார் என்பதை மறக்கக்கூடாது. மரியா அங்கே ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்கிறார் லூக்கா. அத்தனை நாளும் வாய் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் செக்கரியா. குழந்தை பிறந்து அவருடைய நாவு அவிழ்ந்ததும் என்ன பாடினார்? கடவுள் தம் மக்களைத் தேடி வந்திருக்கிறார் என்று பாடினார். தேடி வருவது என்றால் என்ன என்பதை அவர் தம் வீட்டுக்குள்ளேயே பார்த்திருந்தார்.

சகோதர சகோதரிகளே, நம் நம்பிக்கையின் மையமே இதுதான். ஏதேன் தோட்டத்தில் மனிதன் ஒளிந்துகொண்டபோது முதலில் பேசியது யார்? கடவுள். "எங்கே இருக்கிறாய்?" என்று தேடினார். மரத்தில் ஏறி மறைந்திருந்த சக்கேயுவைப் பெயர் சொல்லி அழைத்தவர் இயேசு. நாம் கூப்பிட்டு அவர் வரவில்லை. அவர்தான் முதலில் வந்தார். இறையியலில் இதை 'முந்திவரும் அருள்' என்பார்கள். "அவங்க என்னைத் தேடலையே, நான் ஏன் தேடணும்?" என்று கடவுள் கேட்டிருந்தால் நம் கதி என்ன?

தொடக்கத் திருச்சபையிலும் இப்படி ஒரு தேடல் நடந்தது. மனம் திரும்பிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள். பர்னபா ஒருவர்தான் அவரைக் கைபிடித்து அழைத்துச்சென்றார். பிறகு எதிர்ப்பு வந்தது. சவுலை அவருடைய சொந்த ஊரான தர்சுக்கு அனுப்பிவைத்தார்கள். அதன்பின் ஆண்டுகள் ஓடின. அந்த ஆண்டுகளைப் பற்றித் திருத்தூதர் பணிகள் நூல் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. திருச்சபை வளர்ந்துகொண்டிருந்தது, சவுலைத் தேடியவர் இல்லை. அப்போது அந்தியோக்கியாவில் இருந்த பர்னபாவுக்குச் சவுலின் நினைவு வந்தது. ஆள் அனுப்பவில்லை, தாமே தர்சுக்குப் போய்த் தேடினார், கண்டுபிடித்தார், அழைத்துவந்தார். அந்த அந்தியோக்கியாவில்தான் சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று பெயர் பெற்றார்கள். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 13, பவுலின் பெயரைத் தாங்கிய திருமுகங்கள். அவற்றையெல்லாம் ஞாயிறுதோறும் வாசிக்கும்போது, பழைய நண்பனை நினைத்து ஒருவர் தர்சுக்குப் புறப்பட்ட அந்த நாளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் தமிழ் மண்ணில் நடந்த ஒருவருடைய வாழ்க்கைக்கு வருவோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டுக் கரையிலும் தூத்துக்குடி ஊர்களிலும் நடந்த புனித பிரான்சிஸ் சவேரியாரை நாம் அறிவோம். அவருடைய அற்புதங்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அவர் எவ்வளவு தனிமைப்பட்டவர் என்பதை அதிகம் கேட்டிருக்கமாட்டோம். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ஒரு கடிதம் வந்துசேர ஓராண்டு, சில நேரம் அதற்கும் மேல் ஆகும். கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும். அப்படி எப்போதோ ஒருமுறை வந்த கடிதங்களிலிருந்து தம் தோழர்களின் கையெழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்து, தம் துறவற வாக்குறுதி எழுதிய தாளோடு சேர்த்து, எப்போதும் தம்மோடு வைத்திருந்தார். 1546இல் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்கிறார். புயலுக்கும் கடலுக்கும் அஞ்சாத அந்த மறைப்பணியாளருக்கு நண்பர்களின் பெயர் எழுதிய சின்னஞ்சிறு தாள் துண்டுகள் துணையாக இருந்தன. புனித இஞ்ஞாசியாரின் கடிதம் ஒன்று கைக்கு வந்தபோது, அதைக் கண்ணீரோடு படித்ததாகவே அவர் 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து பதில் எழுதினார்.

இஞ்ஞாசியாருக்கு எத்தனையோ வேலை. உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த ஒரு சபையை உரோமையிலிருந்து நடத்தியவர். தம் கையொப்பம் ஒருவருடைய மார்பில் தொங்கும் என்று எண்ணியா அவர் எழுதியிருப்பார்? நாம் சாதாரணமாக எழுதுவது இன்னொருவருக்குச் சாதாரணமாக இருப்பதில்லை.

இந்தக் கதைக்கு ஒரு முடிவும் உண்டு. 1553 ஜூன் மாதம் 28ஆம் நாள் இஞ்ஞாசியார் சவேரியாருக்கு மீண்டும் எழுதினார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி அழைத்த கடிதம் அது. ஆனால் சவேரியார் 1552 டிசம்பர் 3ஆம் நாளே, சீனாவின் கரைக்கு எதிரே ஒரு சிறு தீவில், காய்ச்சலில் இறந்திருந்தார். செய்தி இன்னும் உரோமைக்கு எட்டவில்லை. இறந்து ஏறக்குறைய ஏழு மாதம் ஆன ஒருவருக்கு அன்போடு எழுதப்பட்ட கடிதம் அது. கப்பலை நம்பி இருந்த காலம். இஞ்ஞாசியார் மேல் குற்றமில்லை. நம் கையில் இருப்பது கப்பல் இல்லை. எண்ணை அழுத்தினால் மறுமுனையில் மணி அடிக்கிறது. அப்படியிருந்தும், மாலையும் கையுமாகப் போய் நின்று, "போன மாசமே பேசணும்னு நினைச்சேன்" என்று சொல்லும் வார்த்தையை எத்தனை சாவு வீடுகளில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

போனை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதை நம் காலத்தில் வாழ்ந்து காட்டியவர் திருத்தந்தை பிரான்சிஸ். 2013 மார்ச் மாதம் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட சில நாள்களிலேயே, புவனோஸ் ஐரெஸ் நகரில் தமக்குச் செய்தித்தாள் கொடுத்துவந்த கடைக்குத் தாமே போன் செய்தார். இனி தாள் வேண்டாம் என்று சொல்லவும், இத்தனை நாள் கொடுத்ததற்கு நன்றி சொல்லவும். எடுத்தவர் நண்பர் யாரோ கேலி செய்கிறார் என்றே முதலில் நினைத்தாராம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களில், பேப்பர் கடைக்காரருக்குச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

பிறகு 2023 அக்டோபரில் காசாவில் போர் மூண்டது. அங்கே இருக்கும் ஒரே கத்தோலிக்கப் பங்கு திருக்குடும்ப ஆலயம். நூற்றுக்கணக்கானோர் அந்த வளாகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு மாலையும் திருத்தந்தை அவர்களுக்குப் போன் செய்தார். பெரிய உரை எதுவும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், இன்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். நம் ஊரில் ஒரு தாய் கேட்கும் "சாப்டியா?" என்ற கேள்விதான். தாம் மருத்துவமனையில் இருந்தபோதும் அழைத்தார். கடைசியாக அழைத்தது 2025 ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமை. 21ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அந்தப் போன் குண்டுகளை நிறுத்தவில்லை. ஆனால் அந்த மக்கள், தாங்கள் மறக்கப்படவில்லை என்பதை அறிந்திருந்தார்கள்.

அன்பார்ந்தவர்களே, இப்போது நம் பங்குகளை, நம் கிராமங்களைப் பார்ப்போம். உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் சென்னைக்கும் கம்பெனிகளுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட, திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! கணவர் இறந்த வீட்டுக்கு முப்பதாம் நாள் பூசைவரை கூட்டம் கூட்டமாகப் போகிறோம். முப்பத்தொன்றாம் நாள் யார் போகிறார்கள்? அந்தப் பெண்ணுக்குத் துக்கம் உண்மையில் தொடங்குவதே வீடு காலியான பிறகுதான். குடியை விட்டுவிட்டு வந்த ஒருவர் இருக்கிறார். விடுவதற்குமுன் அவரைத் திட்டத் தினமும் ஆள் இருந்தது, விட்ட பிறகு தட்டிக்கொடுக்க ஆள் இல்லை. விருப்பப்பட்டுக் கல்யாணம் செய்ததால் வீட்டில் பெயரையே எடுக்காத மகள் எங்கோ ஒரு வாடகை வீட்டில் இருக்கிறாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று மூன்றாம் மனிதர் மூலம் கேள்விப்பட்டு, இரவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாயும் இருக்கிறார். இருவருமே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அவங்க பேசட்டும்" என்று காத்திருக்கிறார்கள்.

ஞாயிறு பூசைக்கு வராமல் நின்றுவிட்டவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விசுவாசம் போய்விட்டது என்று எளிதில் முடிவு கட்டுகிறோம். உட்கார்ந்து கேட்டால், பலர் மறைக்கோட்பாடு எதையும் பற்றிப் பேசுவதில்லை. "நாலு மாசம் வரல சாமி. ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல" என்கிறார்கள். நம் பங்கில் அந்த வார்த்தையைச் சொல்லும் ஒருவர் இருந்தால், அது பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் மட்டும் உரிய கவலை இல்லை. அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் உரியது. கோயில் வரி பாக்கிக்கு மட்டும் அவர் வீட்டைத் தேடிப் போனால், நம்மைப் பற்றி அவர் என்ன நினைப்பார்?

ஆகவே, தேடிப்போகிற விதத்தைப் பற்றியும் ஓரிரு வார்த்தை. கையில் காரியம் வைத்துக்கொண்டு, "உன் ஞாபகம் வந்தது" என்று தொடங்கி, பத்தாவது நிமிடத்தில் சீட்டுக்கு ஆள் சேர்ப்பதையோ கடன் கேட்பதையோ செய்தால், அடுத்தமுறை நம் எண்ணைப் பார்த்தாலே எடுக்கமாட்டார்கள். காரியம் இருந்தால் காரியத்துக்கென்றே ஒருநாள் பேசுவோம். நலம் கேட்க அழைத்த அன்று நலம் மட்டும் கேட்போம்.

இரண்டாவது, கேள்விகளால் குத்தக் கூடாது. "இன்னும் விசேஷம் இல்லையா? பையனுக்கு வேலை கிடைக்கலையா? பொண்ணுக்கு இன்னும் பார்க்கலையா?" என்று நலம் விசாரிப்பதாக நினைத்து ஆறாத புண்ணைக் கிளறுகிறோம். மரியா எலிசபெத்தை எதுவும் விசாரிக்கவில்லை. வாழ்த்திவிட்டு நின்றார், எலிசபெத்துதான் மனம் திறந்து பேசினார். நாமும் அப்படியே இருப்போம்.

மூன்றாவது, விடிந்ததும் பூப்படம் போட்ட காலை வணக்கத்தை இருநூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்புகிறோம். தவறில்லை. ஆனால் அதில் யாருடைய பெயரும் இல்லை. சவேரியார் அச்சடித்த சுற்றறிக்கையை மார்பில் சுமக்கவில்லை. தமக்கென்று எழுதிய நண்பனின் கையெழுத்தைச் சுமந்தார். ஒருவருக்கு, அவர் பெயர் சொல்லி, இரண்டு வரி போதும்: "அக்கா, உங்க வீட்டு வாசல்ல உட்கார்ந்து கேழ்வரகு அடை சாப்பிட்டது ஞாபகம் வந்துச்சு. நல்லா இருக்கீங்களா?" இப்படி எழுத படிப்பு வேண்டியதில்லை.

பதில் வராவிட்டால்? வராமலும் போகலாம். புண்பட்டவர்களுக்கு நேரம் வேண்டும். நம்மிடமிருந்து விலகியே இருக்க ஒருவருக்குத் தகுந்த காரணமும் இருக்கலாம். அடித்துத் துன்புறுத்தியவரை அடிபட்டவர்தான் முதலில் அழைக்க வேண்டும் என்று யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. மற்றபடி, விதைத்தவருக்கு விதைக்கும் வேலைதான். முளைக்க வைப்பவர் ஆண்டவர்.

நம் ஊருக்கே உரிய ஒரு வழியையும் சொல்ல ஆசைப்படுகிறோம். உத்திரமேரூர் என்றாலே உலகுக்குத் தெரிவது குடவோலை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அந்த முறையைச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்தார்கள். அது பொறுப்புக்கு ஆள் தெரிய வைத்த குடம். நம் அன்பியங்களிலும் ஒரு குடம் வைப்போமே! அன்பியத்தைச் சேர்ந்த எல்லா வீடுகளின் பெயரையும் சீட்டில் எழுதிப் போடுவோம். கோயிலுக்கு வராத வீட்டையும், பேசாத வீட்டையும் விட்டுவிடாமல் போடுவோம். மாதக் கூட்டம் முடியும்போது ஒரு குழந்தையை விட்டு ஒரு சீட்டு எடுக்கச் சொல்வோம். அந்த மாதம் அந்த வீட்டை இரண்டு பேர் சந்திப்பார்கள். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் நெடுங்காலமாக வீடு தேடிப் போகிறார்கள். அவர்கள் செய்வதை நாம் எல்லாரும் செய்யலாம். எந்த வீட்டுக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவே அதன் அழகு.

வரும் ஜூலை மாதம் நான்காம் ஞாயிறு தாத்தா பாட்டியர், முதியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தியது. அதுவரை காத்திருக்க வேண்டாம். இது பள்ளி விடுமுறை முடியும் நேரம். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியதும் வெறிச்சென்று ஆகிவிடும் வீடுகள் உண்டு. அந்த வாரமே, பேரப்பிள்ளையின் கையில் போனைக் கொடுத்து, "பாட்டிகிட்ட பேசு" என்று சொல்வோம்.

இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்களில் பலருக்கு ஒரு முகம் மனத்தில் வந்திருக்கும். அந்த முகத்தை நினைவூட்டியவர் தூய ஆவியார் என்றே நம்புவோம். அடுத்த நிகழ்ச்சியைக் கேட்க வேண்டாம். வானொலியை அணைத்துவிட்டு அவரை அழையுங்கள். பக்கத்துத் தெரு என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுங்கள். மரியா விரைந்து சென்றார். நாமும் இன்றே செல்வோம்.

மன்றாடுவோம். அன்புத் தந்தையே, நாங்கள் தேடும் முன்பே எங்களைத் தேடி வந்தவர் நீர். யாரும் வராத வாசல்களை உமக்குத் தெரியும். யாரும் அழைக்காத எண்களையும் உமக்குத் தெரியும். எங்கள் கூச்சத்தையும் வீம்பையும் எங்களிடமிருந்து எடுத்துப்போடும். அன்னை மரியாவைப் போல உம் மகனைச் சுமந்துகொண்டு பிறருடைய வாசலுக்குப் போகும் கால்களை எங்களுக்குத் தாரும். இன்று தனிமையில் வாடும் ஒருவராவது, எங்களால், தாம் மறக்கப்படவில்லை என்று அறியச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.